லேண்ட்லைன் எண்ணை விடாமல் ஃபைபருக்கு மாறுவது எப்படி?

தாம்பரம்_கிழக்கு (கேள்வி)

வணக்கம். தாம்பரம் பக்கம் தனி வீடு. 044-ஐ அடுத்து 2 என்று தொடங்கும் பழைய பிஎஸ்என்எல் லேண்ட்லைன், செப்புக் கம்பி. பிராட்பேண்டும் அதே கம்பியில்தான். இதை ஃபைபருக்கு மாற்ற வேண்டும். வீட்டில் இருவர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். உறவினர்கள், டாக்டர், கேஸ் ஏஜென்சி எல்லோரிடமும் இருப்பது இந்த எண்தான். அதனால் எண் போகக் கூடாது.

தெருவில் ஏர்டெல், ஜியோ இரண்டும் வந்துவிட்டன. அங்கே மாறினால் இதே எண்ணைக் கொண்டுபோக முடியுமா? முடியாதென்றால், பிஎஸ்என்எல் ஃபைபரிலேயே எண் அப்படியே வருமா? கூடம், மாடி, பெரியவர்கள் அறை என்று மூன்று போன்கள் ஒரே லைனில் ஓடுகின்றன. அந்த வயரிங்கை வைத்துக்கொள்ளலாமா? கரண்ட் போனால் என்ன ஆகும்?

இன்னொன்று, லைன் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார்.

எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: முடியாது. எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி இந்தியாவில் மொபைலுக்கு மட்டும்தான். 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. லேண்ட்லைனுக்கு அது இல்லை. விற்பனைக்கு வருபவர் "அதே நம்பர் வாங்கித் தந்துடலாம் சார்" என்று சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார். அவர்கள் தருவது அவர்களுடைய வரிசையில் ஒரு புது எண்தான். எண் முக்கியம் என்றால் இருக்கும் நிறுவனத்திலேயே ஃபைபருக்கு மாறுவது ஒன்றே வழி.

பிஎஸ்என்எல்-லில் செப்பிலிருந்து ஃபைபருக்கு மாறும்போது அதே எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலான சிக்கல் விண்ணப்பத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. பதிவு செய்பவர் அதை "புதிய இணைப்பு" என்று போட்டுவிட்டால் சிஸ்டம் புது எண்ணை ஒதுக்கிவிடும். பழைய செப்பு லைன் தனியாக உயிரோடு இருக்கும், அதற்கும் மாதாமாதம் பில் வரும், புது எண்ணுக்கும் பில் வரும். பிறகு அதைப் பிரித்துச் சரிசெய்வது பெரிய வேலை. அதனால் விண்ணப்பத்திலேயே "இந்த எண்ணை ஃபைபருக்கு மாற்றவும், எண் மாறக் கூடாது" என்று எழுதி, ஒப்புகையிலும் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் இழுக்க வருகிறவர் பெரும்பாலும் பங்குதாரராகச் சேர்ந்த உள்ளூர் ஆள். கேபிள் இழுப்பார், பெட்டி மாட்டுவார், எண் விவகாரம் அவர் கையில் இல்லை. அதற்கு வாடிக்கையாளர் சேவை மையத்துக்கு ஒருமுறை நேரில் போய்விடுவது நல்லது.

பெயர் விஷயத்தை மாற்றத்துக்கு முன்பே முடியுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், யார் பெயருக்கு மாறுகிறதோ அவருடைய அடையாள, முகவரி ஆவணங்கள், நிலுவை இல்லை என்பதற்குக் கடைசி பில் கட்டிய ரசீது. இவை இல்லாமல் ஃபைபர் விண்ணப்பத்தை வேறு ஒருவர் பெயரில் கொடுத்தால் அது புதிய வாடிக்கையாளர் என்றுதான் பதிவாகும். எண் தொலைவதற்கு இரண்டாவது பெரிய காரணம் இது. டெபாசிட் தொகையும் தாத்தா பெயரிலேயே கிடக்கும்.

வீடு இடித்துக் கட்டுவது, கொஞ்ச நாள் ஊரில் இல்லாமல் இருப்பது மாதிரி காரணங்களுக்காக லைனைத் துண்டிக்க நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். சரண்டர் செய்துவிடாதீர்கள். "சேஃப் கஸ்டடி" என்று கேட்டால் லைன் நிற்கும், எண் உங்கள் பெயரிலேயே இருக்கும். சரண்டர் செய்த எண்ணைத் திரும்ப வாங்குவது உத்தரவாதம் இல்லாத விஷயம்.

ரோசெட்_பெட்டி

வீட்டு வயரிங் பற்றி நான் சொல்கிறேன். இதில் தப்பு நடந்தால் பெட்டியே போய்விடும், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃபைபரில் சுவரில் மாட்டும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர். அதன் பின்னால் நெட் கேபிளுக்கான துளைகளோடு, சின்னதாக ஒரு போன் துளை இருக்கும். டெல், போட்ஸ், போன் என்று ஏதாவது எழுதியிருக்கும். ஆர்ஜே-11 என்ற சாதாரண போன் வயர் பின் அதில் போகும். செப்பு லைனில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்த 48 வோல்ட்டையும் மணியடிக்கும் மின்சாரத்தையும் இனி இந்தப் பெட்டிதான் உண்டாக்கித் தரும். ஆகவே பழைய மூன்று போன் வயரிங்கை அப்படியே பயன்படுத்தலாம். ஒரே ஒரு நிபந்தனை: வெளியிலிருந்து வரும் செப்புக் கம்பியை வீட்டு வயரிங்கிலிருந்து முழுதாகக் கழற்றிவிட வேண்டும்.

இதைச் செய்யாமல் ஓஎன்டியின் போன் துளையிலிருந்து ஒரு வயரைச் சுவர் சாக்கெட்டில் செருகினால், எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட்டும் பெட்டியின் வோல்ட்டேஜும் ஒரே ஜோடிக் கம்பியில் மோதும். செப்பு லைனில் யாராவது அழைத்தால் 75 வோல்ட்டுக்கு மேல் மாறு மின்சாரம் பெட்டிக்குள் போகும். போன் போர்ட் எரிந்துபோகும், நெட் மட்டும் வேலை செய்யும். பிறகு "பெட்டி சரியாத்தான் இருக்கு, பச்சை லைட் எரியுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

செய்முறை: வீட்டுச் சுவரில் செப்புக் கம்பி நுழையும் இடத்தில் ஒரு ரோசெட் (கம்பிகளை இணைக்கும் சின்னப் பெட்டி) இருக்கும். அதைத் திறந்தால் இரண்டு திருகுகளில் வெளிக் கம்பியும், அதே திருகுகளில் உள்ளே போகும் கம்பிகளும் இருக்கும். வெளிக் கம்பி இரண்டையும் கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாக டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். மல்டிமீட்டரை டிசி 200 வோல்ட்டில் வைத்து உள்ளே இருக்கும் ஜோடியைப் பாருங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் மட்டும் ஓஎன்டியிலிருந்து வரும் வயரை அங்கே இணையுங்கள். பிராட்பேண்டுக்காகப் போட்ட ஸ்ப்ளிட்டர், ஃபில்டர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஃபைபரில் அவற்றுக்கு வேலை இல்லை, சில சமயம் குரல் மங்கும்.

மூன்று போன்கள் பற்றி: எக்ஸ்சேஞ்ச் நாலைந்து மணிகளை ஒரே நேரத்தில் அடிக்கும் சக்தி கொண்டது. ஓஎன்டியின் சின்ன போர்ட்டுக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. புது எலக்ட்ரானிக் போன்கள் மூன்று என்றால் பிரச்சினை வராது. உலோக மணி வைத்த பழைய போன் ஒன்றிருந்தாலும் மணி சன்னமாகும், அல்லது ஒருமுறை அடித்து நின்றுவிடும். அப்போது ஒரு கார்ட்லெஸ் பேஸை மட்டும் பெட்டியில் மாட்டி, மற்ற இரண்டு அறைக்கும் அதன் துணைக் கைப்பேசிகளை வைப்பது நல்லது. மாடிக்குச் சுவரைத் துளைக்கவும் வேண்டாம்.

தாம்பரம்_கிழக்கு

இருவருக்கும் மிக்க நன்றி. ரோசெட் விஷயம் யாரும் சொன்னதே இல்லை. இரண்டு சந்தேகம். ஓஎன்டியை நானே வெளியில் வாங்கலாமா, இல்லை அவர்கள் தருவதுதானா? ஃபைபர் இழுத்த பிறகு வேலை சரியாகச் செய்தார்களா என்று நான் எப்படிப் பார்ப்பது?

பச்சை_கனெக்டர்

வாங்கலாம், ஆனால் கேட்டு வாங்குங்கள். சைரோடெக், நெட்லிங்க் மாதிரிப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கும். பார்க்க வேண்டியது மூன்று. ஒன்று, ஜிபான் அல்லது எக்ஸ்பான் என்று போட்டிருக்க வேண்டும். ஜிபான், ஈபான் இரண்டும் ஃபைபர் லைனின் இருவேறு வகைகள், எக்ஸ்பான் இரண்டுக்கும் பொருந்தும். வெறும் ஈபான் பெட்டி ஜிபான் லைனில் பதிவே ஆகாது. இரண்டு, போன் துளை இருக்க வேண்டும். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் அது இருப்பதில்லை. மூன்று, உங்கள் ஏரியா எக்ஸ்சேஞ்சில் இருக்கும் கருவியோடு அந்த மாடல் பேசுமா என்று லைன் தருகிறவரிடமே கேட்க வேண்டும். நெட் வந்து போன் வராத கேஸ்களில் பாதி இந்த மூன்றாவதில்தான் மாட்டும். ஏர்டெல், ஜியோ பெட்டியைப் பழைய வீட்டிலிருந்து எடுத்துவந்து மாட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது, அவை அந்தந்த நிறுவனத்துக்கென்று பூட்டப்பட்ட மென்பொருளோடு வருபவை. பங்குதாரரே பெட்டி தந்தால் அது விலைக்கா, வாடகைக்கா, டெபாசிட்டா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை நிறுத்தும்போது தகராறு வருவது இதில்தான்.

வேலை சரியா என்று பார்க்க ஒரே எண் போதும்: பெட்டிக்கு வந்துசேரும் ஒளியின் அளவு. வந்தவரிடம் பவர் மீட்டர் இருக்கும், காட்டச் சொல்லுங்கள். அல்லது பிரவுசரில் 192.168.1.1 போட்டு, ஸ்டேட்டஸ் பக்கத்தில் ஆப்டிக்கல் அல்லது பான் என்ற இடத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அலகு, மைனஸ் எண் பெரிதாக ஆக ஒளி குறைவு) வரை என்றால் நிம்மதியாக இருக்கலாம். மைனஸ் 27 என்றால் பெட்டி கேட்கும் எல்லையின் ஓரம். இன்றைக்கு வேலை செய்யும், மழையிலோ காற்றிலோ லைன் ஆடினால் விழுந்துவிடும். மைனஸ் 8-ஐவிடக் கூடுதலாக வந்தாலும் கெடுதல்தான், ஆனால் வீடுகளில் அது அபூர்வம்.

கணக்கு இப்படி. எக்ஸ்சேஞ்சிலிருந்து ஒளி சுமார் பிளஸ் 3 டிபிஎம்மில் கிளம்புகிறது. ஒரு ஃபைபரை 64 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 20 டிபி (இழப்பைச் சொல்லும் அலகு) போய்விடும். கிலோமீட்டருக்குக் கால் டிபிக்குப் பக்கம், ஒவ்வொரு கனெக்டருக்கும் கால், அரை. எல்லாம் கழித்தால் மைனஸ் 20-ஐ ஒட்டி வர வேண்டும். மைனஸ் 26 வருகிறதென்றால் நடுவில் எங்கோ 5, 6 டிபி வீணாகிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: கனெக்டர் முனையில் தூசி, ஜன்னல் இடுக்கில் கேபிள் மடிந்து நசுங்கியது, அல்லது ஃபியூஷன் மெஷினில் ஒட்டாமல் கையால் சொருகிய மெக்கானிக்கல் ஜாயின்ட். ஒழுங்காக ஒட்டிய ஜாயின்ட்டில் 0.1 டிபிகூடப் போகாது.

கனெக்டர் நிறத்தையும் பாருங்கள். பச்சை என்றால் முனை சாய்வாக வெட்டப்பட்டது, நீலம் என்றால் நேராக. பச்சையை நீலத் துளையில் செருகினால் உள்ளே போகும், லைட்டும் வரலாம், ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து ஒளி கணிசமாக வீணாகும். பெட்டியின் துளை எந்த நிறமோ அதே நிறப் பின்.

கேபிள் வீட்டுக்குள் நுழையும் ஓட்டை உள்ளிருந்து வெளியே சரிவாக இருக்க வேண்டும். நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், அப்போதுதான் மழைநீர் அந்த இடத்தில் சொட்டிப்போகும். வளைவு இறுக்கமாக இருக்கக் கூடாது. பெட்டி அருகே இரண்டு மீட்டர் கேபிளை உள்ளங்கை அளவு வட்டமாகச் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். பின்னாளில் முனை கெட்டால் வெட்டி மறுபடி ஒட்ட அது வேண்டும்.

பில்லர்_17

எல்லோரும் ஃபைபர் என்கிறீர்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் செப்பு லைனையே வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. கரண்ட் போனாலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியில் போன் பேசும். புயல் நேரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

அந்த வாதம் நியாயமானது. செப்பின் பெரிய பலமே அதுதான். ஆனால் லைன் உயிரோடு இருந்தால்தானே. வீட்டிலிருந்து டிபி பெட்டி (தெருவில் இருக்கும் சின்ன இணைப்புப் பெட்டி), அங்கிருந்து பில்லர் (தெருவோர கேபிள் அலமாரி), பில்லரிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை நிலத்தடி கேபிள். நடுவில் எத்தனை ஜாயின்ட். மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஜேசிபி தோண்டும்போது நூறு ஜோடி கேபிள் ஒரே வெட்டில் போகும். அதைத் திரும்ப ஜோடி ஜோடியாக நிறம் பார்த்துச் சேர்க்க அனுபவமுள்ள ஜாயின்டர் வேண்டும். 2020 ஜனவரி இறுதியில் விருப்ப ஓய்வில் பிஎஸ்என்எல்-லிலிருந்து சுமார் 78,000 பேர் போனார்கள். அந்தக் கைகள் பலவும் அப்போது போய்விட்டன. வெட்டுப்பட்ட செப்பைச் சேர்ப்பதைவிட அந்தத் தெருவுக்கு ஃபைபர் இழுப்பது நிறுவனத்துக்கும் சுலபம்.

உங்கள் செப்பு லைன் இன்னும் நன்றாக இருக்கிறதா என்று அறிய ஒரு சோதனை. போனைக் கழற்றிவிட்டு ரோசெட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். 48-ஐ ஒட்டி நிலையாக நின்றால் சரி. எண் ஊசலாடினால் ஜாயின்ட்டில் ஈரம். போனை எடுத்துக் கேட்கும்போது "ஊம்" என்று ஒரு ரீங்காரம் தொடர்ந்து வந்தால் ஒரு கம்பி மண்ணைத் தொடுகிறது. கரகரப்பு என்றால் ஜாயின்ட் துருப்பிடித்திருக்கிறது. இந்த இரண்டும் மழைக்காலத்தில் கூடும், கோடையில் தானாகக் குறையும். குறைந்துவிட்டது என்று விட்டால் அடுத்த மழையில் லைன் செத்துப்போகும்.

ரோசெட்_பெட்டி

கரண்ட் விஷயத்துக்கு வழி இருக்கிறது. ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுவது, இழுப்பது 10 வாட்டுக்குப் பக்கம். 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி நடுவில் மாட்டினால் போதும். அட்டையில் பேட்டரி கொள்ளளவு என்று போட்டிருக்கும் எம்ஏஎச் எண்ணை நம்பாதீர்கள், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்களின் கணக்கு. 2000 எம்ஏஎச் செல்கள் மூன்று என்றால் மொத்தம் 22 வாட்-மணி. 10 வாட் பெட்டிக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பாருங்கள். பின்னின் தடிமனும் பொருந்த வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டிக்கான பிளக் பாயின்ட் அந்த லைனில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் ஃபேன், லைட்டுக்கு மட்டும்தான் இழுத்திருப்பார்கள். இன்வெர்ட்டரின் முதுகில் யுபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். யுபிஎஸ்-சில் வையுங்கள். நார்மலில் மாறும் நேரம் அதிகம், ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் பெட்டி அணைந்து எழுந்து, மறுபடி டயல் டோன் வரச் சில நிமிடம் ஆகும். கார்ட்லெஸ் போன் வைத்தால் அதன் பேஸுக்கும் கரண்ட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பெரியவர்கள் அறையில் ஒரு வயர் போனாவது இருக்கட்டும்.

டாக்கெட்_எண்

தொழில்நுட்பம் எல்லாம் சொல்லிவிட்டார்கள். மாற்றம் பாதியில் நின்றால் என்ன செய்வது என்பதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மக்கள் தப்பான கதவைத் தட்டித்தான் மாதங்களை இழக்கிறார்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிப் பயனில்லை, அது தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை. அதன் 2012 விதிப்படி இரண்டு படிகள். முதலில் நிறுவனத்தின் புகார் மையம். பேசி முடித்ததும் டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் நீங்கள் புகார் செய்ததாகவே ஆகாது. பதில் திருப்தி இல்லை, அல்லது கெடு முடிந்தும் பதில் இல்லை என்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டாக்கெட் எண், தேதி, என்ன கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என நாலு வரி போதும். கதை வேண்டாம். "எண் மாறக் கூடாது" என்று எழுதிய விண்ணப்பத்தின் நகலை இணையுங்கள்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைபேசி வழக்குகளை அங்கே எடுக்க முடியாது என்று ஒரு காலத்தில் திருப்பி அனுப்பினார்கள். எடுக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். பல இரட்டை பில் தகராறுகள் அங்கேயே முடிகின்றன.

இரட்டை பில் வந்தால் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். செப்பு லைன் நிலுவையில் போனால் எண்ணையே துண்டிப்பார்கள். மறுப்பை எழுத்தில் கொடுத்துவிட்டு, உங்கள் பழைய எண் ஓடும் லைனின் தொகையை மட்டும் கட்டி ரசீது வையுங்கள். வங்கியில் தானியங்கிக் கழிப்பு கொடுத்திருந்தால் மாற்றத்துக்கு முன் அதை நிறுத்துங்கள்.

யாராவது இதைப் படித்துவிட்டுத் தனியாரிடம் போக முடிவெடுத்தால் ஒரு எச்சரிக்கை. "ஏர் ஃபைபர்" என்று 2023-லிருந்து விற்பது ஃபைபர் அல்ல, மாடியில் ஆன்டெனா வைத்து 5ஜி சிக்னலில் தருவது. புது இணைப்பு ஓடத் தொடங்கி குறைந்தது ஒரு பில் சுற்று வரை பழையதை சரண்டர் செய்யாதீர்கள். அந்த ஒரு மாதம் பழைய எண்ணுக்கு வரும் அழைப்பைப் புது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். திருப்பிய ஒவ்வொரு அழைப்பும் வெளியே போகும் அழைப்பாகவே கணக்காகும், பிளானைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம்_கிழக்கு

தெளிவாகிவிட்டது. வாரிசுச் சான்றிதழ் இருக்கிறது, பெயர் மாற்றத்திலிருந்து தொடங்குகிறேன். கடைசியாக ஒன்று: எண் ஃபைபருக்கு மாறியதும் என்னென்ன சோதிக்க வேண்டும்? கூடத்தில் இருப்பது விரலால் சுற்றும் பழைய டயல் போன்.

எக்ஸ்சேஞ்ச்_பக்கம்

டயல் போனில் பேசலாம், வரும் அழைப்பை எடுக்கலாம். எண்ணைச் சுற்றினால் பல ஓஎன்டிகள் அந்தத் துடிப்பைப் புரிந்துகொள்ளாது. அதை வரும் அழைப்பை எடுக்க மட்டும் வையுங்கள். பட்டன் போனாக இருந்தும் எண் போகவில்லையென்றால், அடியில் இருக்கும் சுவிட்சை பல்ஸிலிருந்து டோனுக்குத் தள்ளுங்கள்.

சோதனையை, வந்த ஆள் வீட்டில் இருக்கும்போதே செய்யுங்கள். டயல் டோன் இல்லை, பெட்டியில் போன் லைட்டும் எரியவில்லை என்றால் உங்கள் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் ஏற்றப்படவில்லை. வெளியே போகிறது, உள்ளே வரவில்லை என்றால் எண் இன்னும் செப்புப் பக்கமே இருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில்தான் மாற்ற வேண்டும், வீட்டில் எதைத் தட்டியும் பயனில்லை. ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் பெட்டியில் குரலுக்கான விலான் (குரல் போகும் தனித் தடத்தின் எண்) தப்பு. வேறு வேறு நிறுவன மொபைல் இரண்டிலிருந்தும், இன்னொரு லேண்ட்லைனிலிருந்தும் அழைத்துப் பாருங்கள். அழைப்பவர் எண் தெரிகிறதா என்றும் பாருங்கள். மொபைலுக்குப் போடும்போது முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15-லிருந்து எல்லா லேண்ட்லைனுக்கும் இதுதான் முறை. போனில் பழைய மெமரி பட்டன்களில் டாக்டர், பிள்ளைகள் எண் 0 இல்லாமல் பதிந்திருந்தால் அன்றைக்கே திருத்திவிடுங்கள். கேஸ் புக்கிங் எண்ணையும் ஒருமுறை அழைத்து, பட்டன் அழுத்தினால் எதிர்முனை ஏற்கிறதா என்று பாருங்கள். குரல் நன்றாக வந்தும் பட்டன் ஒலி போகாமல் இருப்பது உண்டு. அதற்குப் பெட்டியில் டிடிஎம்எஃப் (பட்டன் ஒலியை அனுப்பும் முறை) அமைப்பை "ஆர்எஃப்சி 2833" என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள்.